நடுத்தொட்டி மட்டும் சரியாக இருந்தது

“சின்னவன் பேசுறேன். வயசு இருபத்தஞ்சு. இப்ப ஒரு வீட்டுச் சுவருக்குப் பின்னாடி நிக்கிறேன். ரெண்டு கையும் உப்புத் தண்ணி, அதனால வாயாலதான் டைப் அடிக்கிறேன். ஒரு தொட்டி குளிருது. ஒரு தொட்டி சுடுது. நடுத்தொட்டி மட்டும் சரியா இருக்கு. குளிர்ற தொட்டிக்குச் சூடு கூட்டினா, சுடுற தொட்டி இன்னும் சுடுது. எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா முதலாளி என்னை வேலைக்கு வச்சுக்க மாட்டாரு. யாருக்காவது ஏதாவது தோணினா சொல்லுங்க.”

குடும்பக் குழுவில் அவன் எதை அனுப்பினாலும் பேர், வயசு, நிற்கும் இடம் மூன்றையும் சொல்லித்தான் தொடங்க வேண்டும். அது அக்கா போட்ட சட்டம். போன வருஷம் எவனோ ஒருவன் ‘புது நம்பர் மாமா, நான்தான்’ என்று அக்கா புருஷனைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் குடும்பம் மொத்தத்தையும் நலம் விசாரித்துவிட்டுப் போனான். மாமாவும் சளைக்காமல் பதில் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இந்தக் கெடுபிடி.

பதில்கள் வரிசையாக வந்து விழுந்தன.

அம்மா: “சாப்பிட்டியாப்பா?”

மாமா: “பியூஸ் பாரு மாப்ள.”

அக்கா: “அவருக்கு மின்சாரம்னா பியூஸ் ஒண்ணுதான் தெரியும். நீ பதறாம யோசி. பதறினா உன் மூளை லீவு போட்டுட்டுப் போயிரும்.”

சின்னவனின் மூளை திங்கட்கிழமையே லீவு போட்டிருந்தது. இன்று புதன்.

அவன் வேலை செய்தது அலங்கார மீன் கடையில். மூன்று மாதம் தேர்வுக் காலம். முடிவதற்கு இன்னும் மூன்று நாள். முதலாளி சனிக்கிழமை காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் இந்த ஊரில் இருக்கலாம். போடாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவனை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் வேலை இந்தப் பல் டாக்டரம்மா வீட்டுச் சுவர்.

சும்மா சுவர் இல்லை. கூடத்தையும் பின்பக்கத்துச் சந்தையும் பிரிக்கும் அந்தச் சுவரில் மூன்று கடல்நீர்த் தொட்டிகளைப் பதித்திருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் இடப்பக்கம் ஜன்னலோரம் மென்பவளத் தொட்டி, நடுவில் மீன் தொட்டி, அதற்கு அடுத்து கல்பவளத் தொட்டி. மென்பவளம் காற்றில் ஆடும் கதிர் மாதிரி ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். கல்பவளம் ஊதாவும் பச்சையுமாகக் கிளை விட்டு, அசையாமல் நிற்கும். முன்பக்கம் மேடை என்றால் பின்பக்கம் ஒப்பனை அறை. ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் சந்து, தலைக்கு மேல் குழாய்கள், காலுக்குக் கீழே பம்புகளின் உறுமல், உப்புக் கரைக்கும் பீப்பாய், அலமாரிக்குள் மினுக்மினுக்கென்று கண் சிமிட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி.

ஒரு தொட்டியில் நோய் வந்தால் அடுத்ததற்குப் பரவக்கூடாது என்று மூன்றுக்கும் தனித்தனித் தண்ணீர். ஆனால் மூளை ஒன்றுதான், அந்தப் பெட்டி. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் வடிகட்டிய நீரைத் தானே ஊற்றும். பவளம் வளரத் தேவையான சுண்ணாம்புச் சத்தைச் சொட்டுச் சொட்டாக விடும். விளக்கை விடியற்காலை போல மெல்ல ஏற்றி, அந்தி போல மெல்ல இறக்கும். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு வெப்ப உணரி, ஒரு ஹீட்டர். இருபத்தைந்தரை டிகிரிக்குக் கீழே போனால் ஹீட்டர் எரியும், ஏறினால் அணையும். சின்னவன் இதையெல்லாம் இராத்தூக்கம் கெட்டு எழுதி, போனிலும் வர வைத்திருந்தான்.

டாக்டரம்மாதான் வரைபடம் போட்டுக் கொடுத்தார். கட்டம் போட்ட தாளில், கூரான பென்சிலில், ஒவ்வொரு குழாயும் ஒரு பல்லின் வேர் போல அத்தனை நறுவிசாக இருந்தது.

“முன்னாடி நின்னு பாக்குற மாதிரி வரைஞ்சிருக்கேன். நான் யார் வாயைப் பாத்தாலும் எதிர்ல நின்னுதான் பாப்பேன், அந்தப் பழக்கம்” என்றார்.

“சரிங்க டாக்டரம்மா” என்று அவன் தலையாட்டினான். ‘புரியலை’ என்று சொல்வதற்குத் தைரியம் இல்லாதவன் ‘சரிங்க’ என்பதை நிறையச் செலவழிப்பான். அன்று அவனுக்கு எல்லாமே புரிந்துதான் இருந்தது, தொல்லையே அதுதான்.

மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. வெயில் காலம், ஹீட்டர்களுக்கு வேலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலோரத்து மென்பவளத் தொட்டி குளிர ஆரம்பித்தது. திங்கட்கிழமை காலையில் போன் கீச்சிட்டது: மென்பவளம் இருபத்து நான்கு, கல்பவளம் இருபத்தேழரை.

ஹீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தான். தொட்டிக்குப் பின்னால் ஒரு இணைப்பு உண்டு. அதில் ஹீட்டரைக் கழற்றி, வாளித் தண்ணீரில் போட்டு, நேராகச் சுவர் பிளக்கில் சொருகினான். ஹீட்டர் சமர்த்தாகச் சுட்டது.

பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்தான். பெட்டியின் முதல் பிளக்கில் மேசை விளக்கைச் சொருகிப் பார்த்தான். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

உணரி பொய் சொல்கிறது என்று நினைத்தான். கைத் தெர்மாமீட்டரை மூன்று தொட்டியிலும் விட்டுப் பார்த்தான். உணரிகள் மூன்றும் அரிச்சந்திரன்கள்.

தனித்தனியாகக் கேட்டால் எல்லாரும் நல்லவர்கள். ஒரே கூரைக்குக் கீழே வைத்தால்தான் வீடு ரெண்டுபடுகிறது. பெட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே குழாய்க்குள் போகும் ஒயர் உள்ளேயே அறுந்திருக்குமோ? அப்படியானால் ஒரு தொட்டி குளிர்வது சரி. இன்னொன்று ஏன் சுட வேண்டும்? செவ்வாய்க்கிழமை, பொறுக்க முடியாமல், கல்பவளத் தொட்டியின் ஹீட்டருக்கான மூன்றாம் பிளக்கைப் பெட்டியிலிருந்து பிடுங்கியே எறிந்துவிட்டான். இனி எப்படிச் சுடும், பார்க்கலாம்!

மறுநாள் காலை இருபத்தெட்டரை.

பிடுங்கின ஹீட்டர் சுடுகிறது. சொருகின ஹீட்டர் குளிர்கிறது. நடுத்தொட்டி மட்டும் இருபத்தைந்தரையில் குத்துக்கல்லாக நிற்கிறது. நடுத்தொட்டி கொஞ்சம் தப்பாக இருந்திருந்தால்கூட, ‘மொத்த வேலையும் கோணல்’ என்று முதலிலிருந்து பார்த்திருப்பான். அது சரியாக இருந்ததுதான் அவனைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது.

“குளிருதுன்னா ஒரு போர்வையைப் போத்தி விடலாமே தம்பி. என்கிட்ட ஒண்ணு சும்மாத்தான் கிடக்கு.”

சந்தின் வாசலில் டாக்டரம்மாவின் அண்ணன் நின்றிருந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி. வேலையை விட்டபின் தங்கை வீட்டோடு வந்துவிட்டார். வந்த நாள் முதல் வீட்டில் எந்தப் பட்டனையும் அமுக்காமல் விட்டதில்லை. சந்தின் கதவுக்கு அவரிடம் ஒரு சாவி உண்டு. தினம் காலை பத்து மணிக்கு உள்ளே வந்து, பெட்டியில் ‘தீனி’ என்ற பட்டனை அமுக்குவார். பம்புகள் பத்து நிமிடம் அடங்கும். அவர் தூவும் தீனி சிதறாமல் மீன்களுக்குக் கிடைக்கும். அந்தப் பட்டனை அமுக்கச் சொல்லிக் கொடுத்ததே சின்னவன்தான்.

“ஐயா, மீனுக்குப் போர்வையா?” அவனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

“மீனுக்கு இல்லப்பா, தொட்டிக்கு. ராத்திரி பஸ்ஸுல இன்ஜின் மேல கோணியைப் போத்தி வைப்போம், காலைல ஒரே உதைல கிளம்பும். நீ படிச்ச பையன், உனக்கு எங்க இது தெரியப் போகுது.”

உண்மையிலேயே அவர் போர்வையைக் கொண்டுவந்து தொட்டியின் பக்கவாட்டில் சுற்றினார். சின்னவனும் வேறு வழி தெரியாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். பிறகு இருவரும் சேர்ந்து, சுடுகிற தொட்டியில் ஐஸ் கட்டின தண்ணீர் பாட்டில்களை மிதக்கவிட்டார்கள். ஒரு தொட்டிக்குப் போர்வை, ஒரு தொட்டிக்கு ஐஸ். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது.

முதலாளி அன்று மதியமே வந்துவிட்டார். டாக்டரம்மாவும் கிளினிக்கிலிருந்து பாதியில் வந்து நின்றார்.

“என்னடா கோலம் இது?” முதலாளி போர்வையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “காய்ச்சலா?”

“குளிருது முதலாளி…”

“உனக்கா, தொட்டிக்கா?”

அவன் நடந்ததை எல்லாம் சொன்னான். பிடுங்கின பிளக் சுடுகிறது என்ற இடத்தில் முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். பெட்டியின் பதிவேட்டைப் போனில் திறந்து விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“இங்க பாரு. திங்கள் காலைல பத்து, கையால அமுக்கினது. செவ்வாய் பத்து, கையால. இன்னிக்கும் பத்து. யார்றா அமுக்கினது?”

டாக்டரம்மா மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

“நான்தான்” என்றார் அவர். “தீனி போடத்தானே…”

“தீனி பட்டனுக்குப் பக்கத்துல இருக்கிறதையும் அமுக்கியிருப்பீங்க, பெரியவரே. பிளக்கை மாத்திச் சொருகியிருப்பீங்க. ஆள் இல்லாதப்போ கை வச்சா மெஷின் குழம்பத்தான் செய்யும்.” முதலாளிக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்த மனுஷன் முகத்தில் ஒரு தெளிவு வரும், அது வந்துவிட்டது. “ஏன்டா, இவரு உள்ள வருவாரா, மாட்டாரா?”

சின்னவனுக்குத் தெரியும். அந்தப் பதிவு தீனி பட்டனுடையது. அது பம்பை நிறுத்தும், ஹீட்டரைத் தொடவே தொடாது. அதை எழுதினவனே அவன்தான். இதைச் சொன்னால் அடுத்த கேள்வி, ‘அப்ப தப்பு யாருது?’ என்று வரும்.

“வருவாரு” என்றான். மீதியை மென்று விழுங்கினான்.

“அண்ணே, நீங்க கை வைக்காத பொருள்னு இந்த வீட்டுல எதாவது இருக்கா?” டாக்டரம்மாவின் குரல் ஏறவில்லை. ஏறாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது.

“இருக்கே. உன்னோட பல்லு பிடுங்கற டப்பா.”

“விளையாட்டுக்கு இது நேரமில்ல. அந்தப் பவளம் செத்துப்போனா திரும்ப வளர எத்தனை வருஷம் ஆகும்னு தெரியுமா? சாவியைக் கொடுங்க. கொஞ்ச நாள் நம்ம கடைசித் தங்கச்சி வீட்டுல போய் இருங்க. இது ஓய்ஞ்சப்புறம் வாங்க.”

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கழற்ற வரவில்லை. நகத்தால் வளையத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். கடைசியில் டாக்டரம்மாவே வாங்கி, நொடியில் கழற்றினார். பிடுங்கிப் பழகின கை.

வியாழக்கிழமை சின்னவன் சந்தை விட்டு வெளியே வரவேயில்லை. கூடத்தில் பெரியவர் தன் தாழ்ந்த நாற்காலியில், முழங்காலை நீட்டிக்கொண்டு, தொட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை கண்ணாடியைத் தட்டினார். தண்ணீருக்கும் பாறைக்கும் அந்தப் பக்கம் ஒரு கை ஆடுவது அவனுக்குத் தெரிந்தது. பார்க்காத மாதிரி குனிந்துகொண்டான். சாயங்காலம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, “தம்பி, ஒரு விஷயம்” என்றார். “வேலையா இருக்கேன் ஐயா” என்று பம்பைச் சத்தமாக ஓடவிட்டான்.

குளிர்கிற தொட்டிக்குச் சூட்டை இருபத்தேழு என்று வைத்துப் பார்த்தான். குளிர்ந்த தொட்டி அசையவில்லை. சுடுகிற தொட்டி இருபத்தொன்பதைத் தொட்டது. கல்பவளத்தில் ஒரு கிளை, நுனியிலிருந்து இரண்டு விரற்கடைக்கு வெளுத்துவிட்டது.

குழுவில் அக்கா கேட்டிருந்தாள்: “என்னடா ஆச்சு, சத்தமே காணோம்?”

“சின்னவன். இருபத்தஞ்சு. அதே சுவர்” என்று மட்டும் சொன்னான். மாமா, “பியூஸ் பாத்தியா மாப்ள?” என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை முன்பக்கக் கண்ணாடியைத் துடைத்தாக வேண்டும். வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் பாசி படிந்துவிடும். பதினொரு மணி. டாக்டரம்மா கிளினிக்கில். தப்பிக்க வழியில்லாமல் வாளியும் துணியுமாகக் கூடத்துக்குப் போனான்.

நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பை தயாராக இருந்தது. மேலே மடித்த போர்வை.

“நாலு மணிக்கு வண்டி சொல்லியிருக்கா தங்கச்சி” என்றார் அவர். “நாலுன்னா நாலுக்கு வராது, பாரேன். நான் ஓட்டின காலத்துல பஸ்ஸைப் பாத்துட்டுக் கடிகாரத்தைத் திருத்துவாங்க.”

“ம்.”

“நேத்துலேருந்து கூப்புடுறேன், காது கேக்கலையா உனக்கு? உம்மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லப்பா. அந்த மனுஷன் ஏதோ பாத்தாரு, ஏதோ சொன்னாரு. நீ என்ன பண்ணுவ, சின்னப் பையன். எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நாமதான் எதையாவது அமுக்கித் தொலைச்சுட்டோமோன்னு ராத்திரி பூரா யோசிச்சுக்கிட்டே கிடந்தேன். ஞாபகம் வரல.”

அவன் துணியைப் பிழிந்தான். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தான்.

“அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேற. இங்க வா. இந்த நாற்காலில உக்காரு. அட, உக்காருப்பா, கடிக்காது. இப்ப குனிஞ்சு பாரு. அந்தக் கொதிக்கிற தொட்டில, பாறைக்கு அடில, சிவப்பா ஒரு பொட்டு தெரியுதா?”

சின்னவன் குனிந்தான். கல்பவளப் பாறையின் இடுக்கில், ஹீட்டரின் தலையில், கடுகளவு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நின்றால் தெரியாது. சந்திலிருந்து பார்த்தால் அடிப்பக்கத்தைக் கருப்புத் தடுப்பு மறைக்கும். அந்தத் தாழ்ந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் மட்டும்தான் தெரியும்.

“அது அணையவே இல்ல தம்பி. அந்தப் பக்கம் குளிர்ற தொட்டில இருக்கே, அதுல எரியவே இல்ல. முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டினவன் நான். சிவப்பு எரிஞ்சா நிறுத்தணும்னு எனக்குத் தெரியுது, உன் மெஷினுக்குத் தெரியலையே.”

“எரிய முடியாது ஐயா. நான் அதைப் பிடுங்கிட்டேன்.”

“பிடுங்கினதா எரியுது?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

“ஐயா, இங்கயே உக்காந்து பாத்துக்கிட்டே இருங்க. நான் பின்னாடி போய் ஒவ்வொண்ணா பிடுங்குறேன். விளக்கு அணைஞ்சா சத்தம் போடுங்க.”

ஓடினான். சந்துக்குள் முட்டி இடித்தது. மூன்றாம் பிளக் ஏற்கெனவே தரையில் கிடந்தது. இரண்டாவதைப் பிடுங்கினான். “எரியுது!” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. இரண்டாவதைச் சொருகிவிட்டு முதலாவதைப் பிடுங்கினான். முதலாவது என்றால் மென்பவளம், குளிர்கிற தொட்டி.

“அணைஞ்சுருச்சு!”

மறுபடி சொருகினான்.

“எரியுது! இப்ப எரியுது!”

பிடுங்கினான்.

“போச்சு! அட, என்ன வித்தை காட்டுறியா?”

சின்னவன் பிளக்கைக் கையில் பிடித்தபடி அப்படியே சந்தின் தரையில் உட்கார்ந்தான். எதிரே, சுவரில், டாக்டரம்மாவின் வரைபடம் ஒட்டியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. முன்னால் நின்று பார்ப்பதுபோல வரைந்தது.

முதல் நாள், முன்பக்கப் பலகையை ஆசாரி மூடுவதற்கு முன், அவன் கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி உணரிகளைப் போட்டான். முன்னால் நின்றதால் எல்லாம் சரியாக விழுந்தது. மறுநாள் பலகை மூடியாயிற்று. சந்துக்குள் நுழைந்து, இதே தாளைப் பார்த்துப் பார்த்து, ஹீட்டர் ஒயர்களை இழுத்தான். தாளில் இடது ஓரம் ஒன்று. சந்தில் நிற்கிறவனுக்கும் இடது ஓரம் ஒன்று. ஆனால் இந்தப் பக்கத்து இடது ஓரத்தில் இருப்பது கல்பவளம். தாளைச் சுவரில் ஒட்டினவன் ஒரு தடவைகூட, அந்தத் தாள் எந்தப் பக்கத்து ஆளுக்கு என்று யோசிக்கவில்லை. நடுத்தொட்டி எந்தப் பக்கம் நின்று எண்ணினாலும் நடுத்தொட்டி. அதனால்தான் அது மட்டும் தப்பித்தது.

மென்பவளம் குளிர்ந்தால் பெட்டி முதல் பிளக்கை எரிய வைக்கும், சுடுவது கல்பவளம். கல்பவளம் சுடுகிறதே என்று பெட்டி மூன்றாவதை அணைக்கும், குளிர்வது மென்பவளம். அவன் சூட்டைக் கூட்டக் கூட்ட, பாவம், பெட்டி சொன்னபடியே கேட்டிருக்கிறது.

இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிச் சொருகினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து நாள் பட்ட பாட்டுக்கு ஒரு நிமிட வேலை. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

கூடத்தில் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, கண்ணாடியோடு கண்ணாடியாக மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “இப்ப ஜன்னல் பக்கம் எரியுது! சூடு தொட்டில இல்ல. என்ன பண்ணின?”

“மாத்திச் சொருகினேன் ஐயா.”

“அப்ப நான் மாத்திச் சொருகினதுதானா?” அவர் முகம் வாடிவிட்டது. “பிளக்கைத் தொட்ட மாதிரியே ஞாபகம் இல்லையே. வயசாயிடுச்சுப்பா. சரி, விடு. நீ பிழைச்சே. அது போதும்.”

அவன் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். மூன்று கண்ணாடியும் முடிகிற நேரத்தில் போன் அடித்தது. முதலாளி. கூடத்து மூலைக்கு நகர்ந்தான்.

“என்னடா, போன்ல பாத்தேன், சூடு இறங்குதே. என்ன பண்ணின?”

“முதலாளி, ஹீட்டர் ஒயரை நான்தான் முதல்லயே மாத்திப் போட்டிருக்கேன். தாள் முன்பக்கத்துக்கு வரைஞ்சது. நான் பின்னாடி நின்னு…”

“நிறுத்து.” முதலாளி குரலைத் தாழ்த்தினார். “இதை வேற யார்கிட்ட சொன்ன?”

“யார்கிட்டயும் இல்ல.”

“சொல்லாத. ஒரு பவளம் வேற வெளுத்திருக்கு, டாக்டரம்மா கடைக்கு வந்து நிப்பாங்க. பெரியவரு கை வச்சாரு, நீ சரி பண்ணின. முடிஞ்சுது. நாளைக்குக் காலைல வா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். பேசாம இரு, புரியுதா?”

“முதலாளி, அவரு தீனி பட்டன் மட்டும்தான்…”

“டேய், வேலை வேணுமா, வேணாமா? ரெண்டுல ஒண்ணு.” வைத்துவிட்டார்.

சின்னவன் போனைப் பார்த்தபடி நின்றான். வேலை வேண்டும். இதில் குழப்பமே இல்லை. ஐந்து நாளில் குழப்பமில்லாத ஒரே விஷயம் அதுதான். அம்மாவிடம் ‘திரும்பி வர்றேன்’ என்று சொல்லும் குரலை மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். புதன்கிழமை செய்ததையே இன்றும் செய்தால் போதும்.

பெரியவர் பையைத் திறந்து ஏதோ தேடிக்கொண்டிருந்தார். தீனி டப்பாவை வெளியே எடுத்தார்.

“இதை நீயே வச்சுக்க தம்பி. காலைல பத்துக்குப் போடு. அந்த மஞ்சள் மீன் கொஞ்சம் கூச்சக்காரன், கடைசியாத்தான் வருவான். அவனுக்குன்னு ஓரமா ரெண்டு தூவணும். பட்டனை மட்டும்…” அவர் கையை இழுத்துக்கொண்டார். “பட்டனை நீயே பாத்து அமுக்கு. நான் வேற எதையாவது சொல்லிக் கெடுத்துறப் போறேன்.”

சின்னவன் டப்பாவை வாங்கவில்லை.

முதலாளி, டாக்டரம்மா, அவன் மூவரும் இருக்கும் வேலைக் குழுவைத் திறந்தான். கை ஈரம். திரை விரலுக்கு மசியவில்லை. சட்டையில் துடைத்துக்கொண்டு மைக்கை அமுக்கினான். அவர் கேட்கட்டும் என்றே அங்கேயே, அவர் எதிரிலேயே, வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.

“டாக்டரம்மா, முதலாளி, ரெண்டு பேருக்கும் சொல்றேன். தொட்டி சரியாயிடுச்சு. கெடுத்தது நான். உங்க தாள் முன்னாடி நின்னு பாக்குறதுக்கு வரைஞ்சது. நான் பின்னாடி நின்னு அதைப் பாத்து ஒயர் இழுத்தேன். ஓரத்துத் தொட்டி ரெண்டோட ஹீட்டரும் மாறிப்போச்சு. மழை வர்ற வரைக்கும் ஹீட்டர் எரியாததால தெரியல. அந்த வெளுத்த கிளை என்னாலதான் வெளுத்துச்சு.”

அவர் டப்பாவை நீட்டிய கையை மடக்காமல் நின்றார்.

“இன்னொண்ணு. புதன்கிழமை பாத்தீங்களே, பத்து மணிப் பதிவு. அது தீனி பட்டன். அது ஹீட்டரைத் தொடாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். பயந்துக்கிட்டு சொல்லல. ஐயா எதையும் மாத்திச் சொருகல. இன்னிக்கு எது தப்புன்னு கண்டுபிடிச்சதே அவருதான். நேத்துலேருந்து சொல்ல வந்தாரு, நான் மூஞ்சி குடுக்கல. முதலாளி, நீங்க கையெழுத்துப் போடறதும் போடாததும் உங்க இஷ்டம், நான் எதுவும் கேக்க மாட்டேன்.”

“ஏம்ப்பா…” என்றார் அவர்.

சின்னவன் அவரைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டே முடித்தான்.

“டாக்டரம்மா, நாலு மணிக்கு வண்டி வருது. அதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து, அந்தச் சாவியை அவர் கையில கொடுத்துருங்க.”